கணினியோடு வந்த விண்டோஸை இன்னொரு கணினிக்கு மாற்றலாமா? வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, மாங்குளம், மல்லாவி என்று எங்கிருந்து கணினி திருத்த வந்தாலும் லைசென்ஸ் பற்றிய கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றையும் பதில்களையும் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். ஒரு விஷயம் எனக்கு மிகவும் மனவருத்தம் தருகிறது. காசு கொடுத்து வாங்கிய உரிமம் மெஷினுக்குள்ளேயே கிடக்க, அது தெரியாமல் எங்கட சனம் திரும்பவும் காசு கொடுக்குது. இல்லாவிட்டால் நல்ல உரிமத்துக்கு மேலே களவு விண்டோஸைப் போட்டுக்கொண்டு போகுது. இரண்டுமே தேவையில்லாத வேலை.

அண்ணை, என்ர பழைய லப்டொப் செத்துப்போச்சு. அதோட வந்த விண்டோஸ புது மெஷினுக்கு மாத்தலாமோ?

மாற்ற முடியாது. கடையில் வாங்கும்போதே விண்டோஸ் போட்டு வந்த கணினியின் உரிமம் அந்தக் கணினிக்கு மட்டும்தான். இதை ஓ.ஈ.எம். லைசென்ஸ் என்பார்கள். டெல், எச்.பி., லெனோவோ, ஏசர் போன்ற உற்பத்தியாளர்கள் மைக்ரோசொப்டிடம் மொத்தமாக வாங்கி, ஒவ்வொரு மெஷினிலும் போட்டு விற்கிறார்கள். நாங்கள் முதல்முறை கணினியைப் போட்டு 'ஏற்கிறேன்' என்று அழுத்துகிறோமே, அந்த ஒப்பந்தத்திலேயே இது இருக்கிறது: உரிமத்தை வேறொருவருக்குக் கொடுக்கலாம், ஆனால் கணினியோடு சேர்த்துத்தான் கொடுக்கலாம்.

கணினி என்றால் எந்தப் பாகம்? நடைமுறையில் அது மதர்போட், அதாவது மற்றப் பாகங்கள் எல்லாம் பொருந்தும் பெரிய பலகை. மோட்டார் சைக்கிளில் செசி நம்பர் மாதிரி. டயரை மாற்றலாம், சீற்றை மாற்றலாம், டாங்கை மாற்றலாம், வண்டி அதே வண்டிதான். செசி மாறினால் கதை வேறு. இங்கேயும் றாம், ஹார்ட் டிஸ்க், திரை, கீபோட், பற்றரி எதை மாற்றினாலும் உரிமத்துக்கு ஒன்றும் ஆகாது.

என்னட்ட இருக்கிறது எந்த லைசென்ஸ் எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

இதை யாரும் வீட்டிலேயே பார்க்கலாம். கீபோட்டில் விண்டோஸ் படம் போட்ட கீயையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். இடப்பக்க மூலையில் சிறு பெட்டி ஒன்று வரும். அதற்குள் ஆங்கிலச் சிறிய எழுத்தில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்ற ஐந்தையும் சேர்த்து அடியுங்கள். பிறகு ஓர் இடைவெளி, முன்பக்கம் சாயும் கோடு ஒன்று, அதையொட்டி டி, எல், ஐ. என்டர் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். பழைய மெஷின் என்றால் சில விநாடி எடுக்கும். பிறகு இன்னொரு பெட்டி வரும்.

அதில் இரண்டாவது வரியின் கடைசியில் 'சானல்' என்ற சொல்லுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஓ.ஈ.எம். என்று தொடங்கினால் அது கணினியோடு வந்தது, பக்கத்தில் டி.எம். என்றும் இருந்தால் விண்டோஸின் கீ (உரிமத்துக்கான இரகசியக் குறி) மதர்போட்டுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. 'ரீடெய்ல்' என்று இருந்தால் பெரும்பாலும் தனியாக வாங்கிய உரிமம். 'வொல்யூம்' என்று இருந்தால் ஒரு நிறுவனத்துக்கு மொத்தமாகக் கொடுத்தது. உங்கள் வீட்டு லப்டொப்பில் வொல்யூம் என்றும் கே.எம்.எஸ். (நிறுவனத்தின் சேர்வர் மூலம் உரிமத்தை உறுதிப்படுத்தும் முறை) என்றும் சேர்ந்து வந்தால், பெரும்பாலும் யாரோ களவாகத்தான் போட்டிருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. 2015க்குப் பிறகு இலவசமாக விண்டோஸ் 10க்கு ஏற்றிய மெஷின்கள் சில 'ரீடெய்ல்' என்றே காட்டும். அதை நம்பி வேறு மெஷினுக்குக் கொண்டுபோக முடியாது. கீழே கிடந்த 7 அல்லது 8 கணினியோடு வந்ததென்றால், மேலே ஏறிய 10உம் அந்தக் கணினிக்குரியதுதான்.

கடையில விண்டோஸ் திரும்பப் போட்டுத் தந்தவை. இப்ப மூலையில 'அக்டிவேட் செய்' எண்டு எழுத்து வருது. கீ வாங்க வேணுமோ?

வாங்க முதல் பொறுங்கள். அக்டிவேட் என்பது, உரிமம் சரிதான் என்று மைக்ரோசொப்டிடம் உறுதிப்படுத்துவது. பெரும்பாலான வீடுகளில் பிரச்சினை இங்கேதான் இருக்கிறது.

2012 ஒக்டோபரில் வந்த விண்டோஸ் 8 தொடங்கி, பெரிய உற்பத்தியாளர்கள் கீயை ஸ்டிக்கரில் அச்சடிப்பதை விட்டுவிட்டு மதர்போட்டின் பயோஸுக்குள் (கணினியைத் தொடக்கும் உள் மென்பொருள் இருக்கும் சிப்) எழுதுகிறார்கள். டிஸ்கை முற்றாக அழித்தாலும் அந்தக் கீ அழியாது. அதே வகை விண்டோஸைச் சுத்தமாகப் போட்டால், போடும் நேரத்திலேயே அது பயோஸைப் படித்துத் தன் கீயைத் தானே எடுத்துக்கொள்ளும். இணையத்தோடு ஒருமுறை இணைத்தால் அக்டிவேட் ஆகிவிடும்.

'அதே வகை' என்பதைக் கவனியுங்கள். கடையில் விற்கும் சாதாரண லப்டொப்புகளில் பயோஸில் இருப்பது பெரும்பாலும் வீட்டுப் பாவனைக்கான ஹோம் வகையின் கீ. திருத்துகிறவர் கையில் இருக்கும் பென் ட்ரைவில் எப்போதும் அலுவலகங்களுக்கான புரோ வகை. அவர் அதையே போட்டு, கிராக் (உரிமம் இருப்பதுபோல் ஏமாற்றும் களவு மென்பொருள்) ஒன்றை ஓட்டிக் கொடுத்துவிடுகிறார். ஆறு மாதத்துக்குள் கிராக் வேலை செய்யாமல் போகிறது, எழுத்து வருகிறது, கீ வாங்கச் சொல்கிறார். உங்கள் ஹோம் கீயோ ஒரு சேதமும் இல்லாமல் உள்ளேயே இருக்கிறது. இப்படி வருகிற மெஷின்களில் ஹோமைச் சுத்தமாகப் போட்டுவிட்டு, போனிலிருந்து ஹொட்ஸ்பொட் கொடுத்தால் போதும். உரிமையாளர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த எழுத்து போய்விடும்.

பயோஸில் என்ன கீ இருக்கிறது என்று முன்கூட்டியே பார்க்க 'ஷோகீ பிளஸ்' என்ற இலவச மென்பொருள் மைக்ரோசொப்ட் ஸ்டோரில் உண்டு. அது காட்டும் கீ 25 எழுத்து. அதைப் படம் எடுத்து வட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்.

பழைய மெஷினுக்கு அடியில ஸ்டிக்கர் கிடக்கு. அந்தக் கீயப் பாவிக்கலாமோ?

விண்டோஸ் எக்ஸ்.பி., விஸ்டா, 7 காலத்து ஸ்டிக்கர் அது. 7இன் ஸ்டிக்கர் என்றால், அந்த மெஷினில் அதே 7ஐத் திரும்பப் போட மட்டும் உதவும். 7க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14ஓடு நின்றுவிட்டன. ஆகவே இணையத்தோடு இணைக்கும் கணினியில் அதை இனி வைத்திருக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

அந்த 7 கீயைக் கொண்டு 10ஐயும் 11ஐயும் அக்டிவேட் செய்யும் வழி ஒன்று பல வருடம் வேலை செய்தது. இலவச ஏற்றம் 2016 ஜூலை 29இல் முடிந்ததாக அறிவித்தாலும் கதவு பூட்டப்படாமலே கிடந்தது. 2023 செப்டெம்பரில் மைக்ரோசொப்ட் அதையும் மூடிவிட்டது. அதற்கு முன் ஒருமுறையாவது 10க்கு ஏறி அக்டிவேட் ஆன மெஷின் என்றால் பயமில்லை. அந்த மதர்போட்டை மைக்ரோசொப்டின் சேர்வர் ஞாபகம் வைத்திருக்கும். திரும்பப் போடும்போது 'என்னிடம் கீ இல்லை' என்பதை அழுத்திவிட்டுப் போங்கள்.

இடி விழுந்து மதர்போட் போட்டுது. மாத்தினா விண்டோஸ் என்னாகும்?

சித்திரையிலும் ஐப்பசியிலும் இந்தக் கேள்வி கூடுதலாக வரும். பின்னேர இடிமழை இந்தப் பக்கம் எப்படியிருக்கும் என்று தெரியும்தானே. வானம் கறுத்தால் சார்ஜரையும் இணைய வயரையும் சுவரிலிருந்து கழற்றுங்கள். சுவிட்சை மட்டும் நிறுத்துவது போதாது.

உத்தரவாதக் காலத்துக்குள் உற்பத்தியாளரின் சேவை நிலையம் பழுதான மதர்போட்டை மாற்றித் தந்தால் உரிமம் தொடரும். புதிய போட்டில் கீயை எழுதித் தருவதும் அவர்கள் வேலைதான். வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டுப் பார்த்து, அக்டிவேட் ஆகாவிட்டால் பில்லோடு அவர்களிடமே திரும்பப் போங்கள். வெளியே யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம்.

உத்தரவாதம் முடிந்தபின் வெளியே போட் வாங்கி மாற்றினால், ஒப்பந்தப்படி அது புதுக் கணினி. புது உரிமம் வேண்டும். இங்கே பெரும்பாலும் நடப்பது அதே மொடல் லப்டொப் ஒன்றிலிருந்து கழற்றிய பழைய போட்டைப் போடுவது. அந்தப் போட் தன் கீயைத் தன்னோடு கொண்டுவருவதால் விண்டோஸ் தானாகவே அக்டிவேட் ஆகக்கூடும். ஆனால் அக்டிவேட் ஆவது வேறு, ஒப்பந்தப்படி உரிமம் இருப்பது வேறு. வீட்டுப் பாவனையில் இதை யாரும் வந்து கேட்கப்போவதில்லை. அலுவலகக் கணினி என்றால் கணக்காய்வில் பில் கேட்பார்கள், அங்கே புது உரிமமே வாங்கிவிடுங்கள்.

ஹார்ட் டிஸ்க எடுத்துப்போட்டு எஸ்.எஸ்.டி. போட்டா?

ஒரு பிரச்சினையும் இல்லை. எஸ்.எஸ்.டி. என்பதும் வேகமான ஒரு டிஸ்க்தான். 8 ஜி.பி. பென் ட்ரைவ் ஒன்று எடுத்து, மைக்ரோசொப்டின் தளத்திலிருந்து விண்டோஸை இறக்கிப் போடுங்கள். 5 ஜி.பி.க்குக் கூட வரும், இரவு டேட்டா இருந்தால் அதில் இறக்குங்கள்.

ஜேர்மனியில இருந்து சித்தப்பா லப்டொப் ஒண்டு அனுப்பியிருக்கிறார். அந்த நாட்டு விண்டோஸ் இஞ்ச செல்லுமோ?

செல்லும். மெஷினோடு வந்த உரிமம் மெஷினோடு கடல் தாண்டி வரலாம். ஜேர்மன் மொழியில் இருக்கிறதே என்று விண்டோஸை மாற்றவும் வேண்டாம்; ஹோமிலும் புரோவிலும் ஆங்கிலத்தை மொழிப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். கீபோட்டில் இசட்டும் வையும் இடம் மாறியிருக்கும், அதையும் ஆங்கில அமைப்புக்கு மாற்றலாம். கீயின் மேல் அச்சடித்த எழுத்துக்கு மட்டும் கண் பழக வேண்டும்.

லைசென்ஸைவிடப் பெரிய தொல்லைகள் வேறு இருக்கின்றன. அனுப்புகிறவர் அங்கே இருக்கும்போதே இவற்றைப் பார்த்துவிட்டால் இங்கே யாரும் அலையத் தேவையில்லை.

முதலாவது, அது அவருடைய சொந்த லப்டொப்பா, வேலை செய்த இடத்தில் கழித்துவிட்டதா என்று கேளுங்கள். நிறுவன மெஷின்கள் பல அந்த நிறுவனத்தின் பட்டியலில் மைக்ரோசொப்டிடம் பதிவாகியிருக்கும். விண்டோஸை அழித்துத் திரும்பப் போட்டாலும், இணையம் கிடைத்தவுடன் நிறுவனத்தின் பெயரைக் காட்டி அவர்களின் மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் கேட்கும். கீ சரியாக இருந்தும் பயனில்லை. அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட நிறுவனத்தின் கணினிப் பிரிவால்தான் முடியும். விமானம் ஏறிவந்த பிறகு இதைச் செய்விப்பது பெரும்பாடு. அங்கே இருக்கும்போது ஒரு போன் கதையோடு முடியும்.

இரண்டாவது, பயோஸ் பாஸ்வேர்ட். இருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

மூன்றாவது, டிஸ்க் பூட்டு. பிட்லொக்கர் போட்ட மெஷின் நீலத் திரையில் 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கலாம். அது பெரும்பாலும் பழைய உரிமையாளரின் மைக்ரோசொப்ட் கணக்கில் இருக்கும். உள்ளே இருக்கும் படங்கள், கோப்புகள் தேவையென்றால்தான் அந்த எண் வேண்டும். தேவையில்லையென்றால் டிஸ்கை அழித்துப் புதிதாகப் போடலாம், உரிமம் பயோஸில் பத்திரமாக இருக்கும். இந்தத் திரையைக் கண்டு 'லப்டொப் லொக்' என்று பாகம் பாகமாக விற்றுவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

பழைய மாணவர் சங்கம் பள்ளிக்கூடத்துக்குக் கொம்பியூட்டர்கள் அனுப்பியிருக்கு. ஒண்டிலயும் டிஸ்க் இல்லை. விண்டோஸும் போட்டுதுதானே?

போகவில்லை. ஆசிரியர்கள் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

வெளிநாட்டு நிறுவனங்கள் கணினிகளைக் கழிக்கும்போது தரவுப் பாதுகாப்புக்காக டிஸ்கைக் கழற்றி அழித்துவிடும். பெட்டியைத் திறந்தால் டிஸ்க் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். அதைப் பார்த்து விண்டோஸும் போய்விட்டது என்று முடிவெடுத்து, எல்லாவற்றுக்கும் சேர்த்துக் களவுப் பிரதி போட்டுவிடுவார்கள். உண்மையில் 2012க்குப் பிந்திய அலுவலகக் கணினி என்றால் பெரும்பாலும் மதர்போட்டுக்குள்ளே புரோ கீ இருக்கும். நிறுவனங்கள் வாங்கும் வொல்யூம் உரிமம் தனியே நிற்பதில்லை. ஏற்கெனவே தகுதியான விண்டோஸ் ஒன்றோடு வந்த கணினிக்கு மேல்தான் அதைப் போடலாம். நிறுவனத்தின் உரிமம் அவர்களோடு போய்விட்டாலும் கணினியோடு வந்தது கணினியிலேயே இருக்கிறது.

சின்ன எஸ்.எஸ்.டி. ஒவ்வொன்று வாங்கிப் போட்டு, புரோவைச் சுத்தமாக நிறுவி, ஒவ்வொரு மெஷினையும் ஒருமுறை இணையத்தோடு இணையுங்கள். டிஸ்கோடு வந்த மெஷின்களிலும் இதையே செய்யலாம். அவற்றில் கிடக்கும் வொல்யூம் விண்டோஸ் நிறுவனத்தின் சேர்வரை 180 நாளுக்குக் காணாவிட்டால் பழைய அக்டிவேஷன் காலாவதியாகிவிடும், மாணவர்கள் பாடத்தின் நடுவில் அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

புதுப்பித்து விற்கும் நிறுவனத்திடமிருந்து வந்ததென்றால் மெஷினில் புது ஸ்டிக்கர் ஒட்டியிருக்கலாம். மைக்ரோசொப்ட் அனுமதித்த புதுப்பிப்பாளர்களுக்கென்று தனி உரிமம் உண்டு. அந்த ஸ்டிக்கரும் அந்தந்த மெஷினுக்குரியதுதான். பெயின்ட் அடிக்கும்போது, இலக்கம் ஒட்டும்போது அதை மறைத்துவிட வேண்டாம்.

பெட்டிக்கு மேலே இலக்கம் எழுதும் அதே நாளில், சரக்குப் பதிவேட்டில் மெஷினின் தொடர் இலக்கத்துக்கு எதிரே 'புரோ, பயோஸ் கீ' என்றோ 'ஸ்டிக்கர் கீ' என்றோ எழுதிவையுங்கள். ஆசிரியர் இடமாற்றம் கிடைத்துப் போனாலும் அடுத்தவருக்கு விஷயம் தெரியும்.

லப்டொப்ப விக்கப்போறன். விண்டோஸ எடுத்துப்போட்டுக் குடுக்கவோ?

அப்படியே கொடுங்கள். உங்கள் மைக்ரோசொப்ட் கணக்கிலிருந்து வெளியே வந்து, 'ரீசெட்' மூலம் எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கொடுத்தால் சரி. உரிமம் வாங்குகிறவருக்குச் சேரும், விலை பேசும்போது அதையும் சொல்லிக் கேளுங்கள்.

தனியா வாங்கின விண்டோஸ மட்டும் மாத்தலாமோ?

மாற்றலாம். ரீடெய்ல் உரிமத்தை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோக ஒப்பந்தம் இடம் தருகிறது. ஒரு நேரத்தில் ஒரு கணினியில்தான் இருக்க வேண்டும். முன்பு சொன்ன அதே ஐந்து எழுத்துக் கட்டளையோடு, டி-எல்-ஐக்குப் பதில் யூ, பி, கே என்று கொடுத்தால் பழைய மெஷினிலிருந்து கீ கழன்றுவிடும். நிர்வாகி அனுமதியோடு திறந்த கட்டளைத் திரையில் அதைச் செய்யுங்கள். பிறகு புதியதில் கீயைக் கொடுங்கள். பழைய மெஷினிலேயே உரிமத்தை மைக்ரோசொப்ட் கணக்கோடு இணைத்து வைத்திருந்தால் இன்னும் சுலபம். புதியதில் அக்டிவேஷன் பக்கத்திலுள்ள 'ட்ரபிள்ஷூட்' போய், வன்பொருள் மாற்றினேன் என்பதைத் தெரிவு செய்யலாம்.

ஒப்பீஸ்?

லப்டொப்போடு கட்டாக வந்த ஒப்பீஸ் அந்த மெஷினுக்கே. மாதச் சந்தாவாகக் கட்டும் 365 உங்கள் கணக்கைப் பின்தொடரும். எந்தக் கணினியிலும் உள்நுழையலாம்.

ஒன்லைனில சும்மா விலைக்குக் கீ விக்கிறாங்கள். வாங்கலாமோ?

வேண்டாம். அப்படி விற்பவை பல, ஒரு நிறுவனத்துக்கோ கல்வி நிலையத்துக்கோ கொடுத்த வொல்யூம் கீயை வெளியே எடுத்துப் பலருக்கு விற்பது. இன்று அக்டிவேட் ஆகும். மைக்ரோசொப்ட் அந்தக் கீயைத் தடுக்கும் நாளில் எல்லோருக்கும் ஒன்றாகப் போய்விடும், காசைத் திருப்பிக் கேட்க ஆள் இருக்காது.

கிராக் இன்னும் மோசம். அதை ஓட்ட முதல் அன்டிவைரஸை நிறுத்தச் சொல்லும். யாரென்றே தெரியாத ஒருவர் எழுதிய மென்பொருளுக்கு, வங்கிக் கணக்குப் பார்க்கும் கணினியின் கதவை நீங்களே திறந்துவிடுகிறீர்கள். சட்டமும் இருக்கிறது: இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி மென்பொருளையும் பாதுகாக்கிறது.

ஐரோப்பாவில ஓ.ஈ.எம். விண்டோஸத் தனியா விக்கலாம் எண்டு மச்சான் சொல்லுறான். உண்மையோ?

அங்கே உண்மை இருக்கிறது. கணினி இல்லாமல் ஓ.ஈ.எம். பிரதியை விற்பதை மைக்ரோசொப்ட் தடுக்க முடியாது என்று ஜேர்மனியின் சமஷ்டி நீதிமன்றம் 2000ஆம் ஆண்டு ஜூலையில் தீர்ப்பளித்தது. 2012 ஜூலை 3இல், ஒரக்கிள் நிறுவனத்துக்கும் யூஸ்ட்சொப்ட் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில், ஒருமுறை விற்ற மென்பொருள் உரிமத்தை வாங்கியவர் மறுபடி விற்கலாம் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமும் சொன்னது. விற்கிறவர் தன் பிரதியைப் பாவிக்க முடியாதபடி ஆக்கிவிட வேண்டும். ஆனால் அவை அந்த நாடுகளின் சட்டம். இங்கே அதைக் காட்டி எதுவும் கேட்க முடியாது. பயோஸுக்குள் எழுதிய கீயைக் கழற்றிக் கையில் கொடுக்கும் வழியும் இல்லை.

என்ர மெஷின் 11க்கு ஏறாதாம். 10 லைசென்ஸ் இனி வீணோ?

ஏறக்கூடிய மெஷின் என்றால் 10இன் உரிமமே 11க்கும் போதும், வேறொன்றும் வாங்க வேண்டாம். ஏறாததற்குக் காரணம் வன்பொருள்: ரி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப், செக்கியூர் பூட் (கணினி தொடங்கும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் விடும் வசதி), மைக்ரோசொப்டின் பட்டியலில் உள்ள புரொசெசர் மூன்றும் வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறையும் அதற்கு மேலும். சில மெஷின்களில் ரி.பி.எம். இருந்தும் பயோஸில் நிறுத்தியிருக்கும், ஆகவே கைவிட முதல் அங்கே போய்ப் பாருங்கள்.

10க்கான வழமையான திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டன. வீட்டுப் பாவனையாளருக்கு 2026 ஒக்டோபர் 13 வரை நீடிப்பு ஒன்று கொடுத்திருக்கிறார்கள். அதற்கு மைக்ரோசொப்ட் கணக்கு வேண்டும். கணினியின் அமைப்புகளை அந்தக் கணக்கில் சேமிக்க விட்டால் காசு கட்டாமலே பதியலாம்.

அதற்குப் பிறகு அந்த மெஷினுக்கு விண்டோஸுக்குப் பதிலாக, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போடுவதையே நான் சொல்வேன். லினக்ஸ் மின்ட், உபுண்டு, டெபியன் எதுவானாலும் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு, நண்பருக்கு, முழுக் கணினி அறைக்கு என்று தாராளமாகக் கொப்பி பண்ணலாம். உரிமமே அதற்கு இடம் தருகிறது. 4 ஜி.பி. றாமும் ஒரு எஸ்.எஸ்.டி.யும் இருந்தால் இணையம், கடிதம் தட்டச்சு, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் ஓடும், தமிழ் யூனிக்கோட்டும் சிக்கலில்லாமல் வரும். பாமினி எழுத்துருவில் பழகியவர்களுக்கு அதே விசை அமைப்பில் யூனிக்கோட் அடிக்கும் வழிகளும் இருக்கின்றன. கணக்கியல் மென்பொருள் போல விண்டோஸில் மட்டும் ஓடும் ஒன்றில் உங்கள் தொழில் தங்கியிருந்தால், பென் ட்ரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்த்து முடிவெடுங்கள். அப்படிப் பார்ப்பதால் டிஸ்கில் இருக்கும் விண்டோஸுக்கு ஒன்றும் ஆகாது.